கோமளம் மொழிபெயர்த்த ‘நான்’

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் கோமளம் அடுத்தவர் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அரசு மொழிபெயர்ப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. ஏரி தூர் வாருவது, பட்டுக்கூடு விலை, வாத்தியார்களின் இடமாற்றம் என்று எது வந்தாலும் சரி, கன்னடத்தில் வந்ததை இங்கிலீஷிலும் இங்கிலீஷில் வந்ததைக் கன்னடத்திலும் மாற்றிக் கொடுப்பாள். அது மந்திரி பெயரிலோ செயலாளர் பெயரிலோ வெளியே போகும். அதில் அவளுக்கு மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை. நடுவில் ஓர் ஆள் இருந்ததே தெரியக்கூடாது, அதுதான் நல்ல மொழிபெயர்ப்பு என்று பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வாள்.

அவளும் கணவர் ஸ்ரீகண்டனும் பெங்களூரில் அல்சூர்வாசிகள். இரண்டு பேருடைய குடும்பமும் மைசூர் ராஜ்ஜியமாக இருந்தபோதே உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்டவை. வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம். ஸ்ரீகண்டன் ஒரு சர்க்கார் இலாகாவில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் ஸ்னேஹா, எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். அவளுக்கு ஜெயநகரில் ஒரு பையனைப் பார்த்து, இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் பெயர் ஸ்ரீஹர்ஷா. ஸ்னேஹாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. இது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து நிலவரம். கோமளமும் அப்போது ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மௌரீன் போன் செய்தாள். மௌரீன் அதே பிரிவில் கோமளத்துக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு அடுகோடி பகுதியில் ஒரு பெண்கள் அமைப்பின் ஆபீசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து அமைப்புகள் சேர்ந்து, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஒரு குழு போட்டிருக்கின்றன, பாலியல் தொழிலைச் சட்டம் அனுமதிக்கலாமா, அனுமதித்தால் எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அந்தக் குழு பொது விசாரணை நடத்தி அரசுக்கு அறிக்கை கொடுக்கப்போகிறது என்றாள். பேச வருகிற பெண்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, கோலார் பக்கத்துத் தமிழ்க்காரிகள். குழுவில் இருப்பவர்களுக்குத் தமிழ் வராது. தமிழில் சொல்வதைக் கன்னடத்தில் சொல்ல ஆள் வேண்டும்.

கோமளம் யோசித்தாள். அந்தத் தொழிலைப் பற்றி அவள் வாழ்நாளில் வாய்விட்டுப் பேசியதே இல்லை. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் சில பெண்கள் நிற்பதைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடப்பாள், அவ்வளவுதான். ஆனால் வேலை என்று வந்தால் வேலை. பேச்சை மாற்றிச் சொல்வது எழுத்தை மாற்றுவதைவிடக் கஷ்டம் என்பதும் அவளை இழுத்தது. கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். நீதிபதி இருக்கிற இடம் என்றால் சரி என்றார் அவர்.

விசாரணை கப்பன் பார்க் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. மேடையில் நீதிபதி, ஒரு டாக்டர், ஒரு வக்கீல், இரண்டு பெண்கள் அமைப்புக்காரர்கள். கீழே முன்வரிசைகளில் பேச வந்த பெண்கள். அவர்கள் முகம் படத்தில் வரக்கூடாது என்று பத்திரிகைக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நம்பிக்கை இல்லாமல் பலர் முந்தானையை இழுத்து மூக்குவரை மூடியிருந்தார்கள். மேடை ஓரத்தில் இரண்டு மைக். ஒன்று பேசுகிறவளுக்கு, மற்றது கோமளத்துக்கு.

முதலில் வந்தவள் பிரபா. முப்பத்தைந்து வயதிருக்கும். கிருஷ்ணகிரிக்காரி. அவள் ஒரு வாக்கியம் பேசி நிறுத்தியதும் கோமளம், ‘தன்னுடைய பெயர் பிரபா என்றும், தான் இந்தத் தொழிலில் பல வருஷமாக இருப்பதாகவும் இவர் சொல்கிறார்’ என்று கன்னடத்தில் ஆரம்பித்தாள். நீதிபதி கையை உயர்த்தினார். மெதுவாகப் பேசுகிற பெரியவர். ‘இவர் சொல்கிறார்’ எல்லாம் வேண்டாம் அம்மா, அவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள், பதிவில் அப்படித்தான் வரவேண்டும் என்றார். சாட்சியை மொழிபெயர்க்கிற முறையே அதுதான். கோமளத்துக்கு அது தெரியாததல்ல. ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, “நானு” என்று கன்னடத்தில் தொடங்கினாள். தமிழ் ‘நான்’, கன்னட ‘நானு’ இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால், ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தச் சொல் ஹாலில் இரண்டு தடவை கேட்டது.

பிரபா தயங்காமல் பேசினாள். புருஷன் விட்டுப் போன பிறகு அவளாகவே வந்தது இது. யாரும் ஏமாற்றிக் கூட்டி வரவில்லை. தொழில் செய்வது குற்றம் என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லையாம். ஆனால் ரோட்டில் நின்று ஒருவரைக் கூப்பிட்டால் குற்றம், வாடகைக்கு வீடு கொடுத்தவர்மேல் குற்றம்.

“எங்கம்மா எங்கூடத்தான் இருக்குது. நான் போடற சோத்தத் தின்னுது. அது என் சம்பாத்தியத்துல வாழுதாம், அதனால அதுவும் குத்தவாளியாம். இந்தச் சட்டம் யாரக் காப்பாத்துதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

இதைச் சொல்லும்போது அவள் பல தடவை ‘தொழில்’ என்றாள். கோமளம் கன்னடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று உள்ளுக்குள் தேடினாள். ‘தந்தே’ என்று ஒரு சொல் உண்டு. மேடையில் இருந்தவர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதில் திருட்டு வியாபாரம், கள்ளக் காரியம் என்ற வாடை அடிக்கும். பிரபா சொன்ன ‘தொழில்’ தச்சன் சொல்கிற மாதிரி, தையற்காரி சொல்கிற மாதிரி வந்தது. அதனால் கோமளம் ‘கெலச’ என்றாள், வேலை என்று அர்த்தம். பிரபாவுக்குக் கன்னடம் புரியும். அந்தச் சொல் வந்தபோது அவள் திரும்பி கோமளத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் தன் யோசனையைச் சொன்னார். சட்டத்தில் இடம் கொடுப்போம், கூடவே லைசென்சும் கொடுப்போம், வாராவாரம் உடம்பு சோதனை, போட்டோ ஒட்டிய கார்டு. பிரபா அதற்கு ஒப்பவில்லை. கார்டு ஒரு தடவை கைக்கு வந்தால் பிறகு அது போகாது என்றாள். அவள் மகள் எட்டாவது படிக்கிறாள். நாளைக்கு பிரபா இதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனாலும் அந்தக் கார்டு அவளை விடாது. சோதனை தங்களுக்கு மட்டும்தானா, வருகிறவர்களுக்கு இல்லையா என்றும் கேட்டாள். டாக்டர் கோபப்படவில்லை. தன் வார்டில் இருபது வயதுப் பெண்கள் எய்ட்ஸ் வந்து செத்ததைத் தான் பார்த்திருப்பதாகவும், யாருக்கு நோய் என்று தெரியாமல் எப்படி வைத்தியம் செய்வது என்று இன்றுவரை தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. கோமளம் அதையும் தமிழில் ‘நான்’ என்றே சொன்னாள். அவர் பேச்சிலும் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேதநாயகி வந்தாள். பிரபாவைவிட வயதில் மூத்தவள், நரை தெரிந்தது. வாணியம்பாடிப் பக்கம். அவளைச் சின்ன வயதில் தெரிந்த மனுஷன் ஒருத்தன் பெங்களூருக்குக் கூட்டி வந்து விற்றுவிட்டுப் போய்விட்டான். அவள் அதை அழாமல் சொன்னாள். கோமளமும் அழாமல் கன்னடத்தில் சொன்னாள். இந்த ‘வேலைக்கு’ வந்தபோது எனக்குப் பதினைந்து வயது என்று கோமளம் முடித்தபோது, வேதநாயகி மைக்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, எனக்குக் கெலசன்னு போடாதீங்க. தையல் கம்பெனியில வேலைன்னு சொல்லித்தான் என்னை இட்டுனு வந்தாங்க. இது வேலை இல்ல. வேலைன்னா நான் வேணாம்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் போவ முடியணும்.”

மேடையில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. கோமளம் அதையும் கன்னடத்தில் மேடைக்குச் சொல்லி, சொல்லை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டாள். நீதிபதி தலையசைத்தார். அதற்குப் பிறகு வேதநாயகி பேசியபோதெல்லாம் ‘எனக்கு நடந்தது’ என்று பொருள்படும்படி கன்னடத்தில் சொன்னாள். வேதநாயகி சொல்ல வந்தது பிரபா சொன்னதற்கு நேர் எதிர். சட்டத்தை எடுக்கக்கூடாது. எடுத்தால் தன்னை விற்றவன் நாளைக்கு போர்டு மாட்டிக் கடை திறப்பான், அவனுக்கு முதலாளி என்று பேர் வந்துவிடும் என்றாள். தன் தங்கை பெண்ணையும் ஒருத்தன் அப்படித்தான் கூட்டிப் போய்விட்டான், அவனைப் பிடிக்க இருக்கிற ஒரே சட்டம் இதுதான் என்றாள்.

பிரபா முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசவில்லை. சாயங்காலம் டீ கொடுத்தபோது அவளும் வேதநாயகியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்ததைக் கோமளம் பார்த்தாள். மௌரீன் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று முழுவதும் பேசியதில் கோமளத்துக்குக் குரல் கம்மிப் போயிருந்தது.

மறுநாள் காலை ஸ்ரீகண்டன் வழக்கம்போல ஏரிப் பக்கம் நடக்கப் போனார். கூட நடக்கிற சின்னப்பாவும் வந்தார். கொஞ்ச தூரம் போனதும், மடித்து வைத்திருந்த கன்னடப் பேப்பரை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் பக்கத்தில் கோமளத்தின் படம். மைக்கின் முன்னால், நெற்றிப் பொட்டோடு, வாய் திறந்து பேசுகிறாள். ‘எங்களையும் மனிதர்களாக மதியுங்கள்: பொது விசாரணையில் குமுறிய பாலியல் தொழிலாளி’ என்று கீழே போட்டிருந்தது.

எப்படி நேர்ந்தது என்று பிற்பாடு தெரிந்தது. பேசிய பெண்களைப் படம் எடுக்கக்கூடாது என்றதும் போட்டோக்காரர் மைக் முன்னால் மூடாமல் இருந்த ஒரே பெண் முகத்தை எடுத்தார். ஆபீசில் தலைப்பு எழுதியவர் விசாரணைக்கே வராதவர். மைக்கில் ‘நான்’ என்று பேசிய பெண் என்று நிருபரின் குறிப்பில் பார்த்திருக்கிறார், படத்தையும் பார்த்திருக்கிறார், இரண்டையும் ஒட்டிவிட்டார்.

ஸ்ரீகண்டன் நேராக மார்க்கெட் முனைக் கடைக்குப் போய் அந்தப் பேப்பரில் மிச்சம் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கினார். என்ன சார் விசேஷம், பொண்ணு படம் வந்திருக்கா என்று கடைக்காரர் கேட்டாராம். அந்தக் கட்டை வீட்டில் மேஜைமேல் வைத்துவிட்டு, “இனிமே ஊர்ல இருக்கறதை எங்கே போய் வாங்கறது” என்றார். கோமளம் பேப்பரை எடுத்துப் படித்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது, செய்தியில் ‘தந்தே’ என்று போட்டிருந்ததுதான். தான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லையே என்று நினைத்தாள். படம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் பேப்பரைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒன்பது மணிக்குள் போன் வர ஆரம்பித்தது. தெரிந்தவர்கள் எல்லாம், நம்பவில்லை, நம்பவில்லை என்றுதான் சொன்னார்கள். நம்பாததைச் சொல்ல எதற்கு இத்தனை பேர் போன் செய்கிறார்கள் என்று கோமளத்துக்குப் பட்டது. ஸ்னேஹா கம்பெனி வண்டியில் சில்க் போர்டு முனை நெரிசலில் நின்றபோது, கூட வருகிற பெண் ஒருத்தி இது உங்கள் அம்மா மாதிரி இருக்கே என்று பேப்பரைக் காட்டியிருக்கிறாள். ஸ்னேஹா அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் கோபமெல்லாம் பேப்பர்மேல்தான்.

சாயங்காலம் ஸ்ரீஹர்ஷாவின் அம்மா நிருபமா போன் செய்தாள். பதமாகத்தான் பேசினாள். தங்களுக்கு உண்மை தெரியும், ஆனால் ஊரில் இருக்கிற மனுஷாளுக்கெல்லாம் ஒவ்வொருத்தராகப் போய்ச் சொல்ல முடியாது, அதே பேப்பர் அதே இடத்தில் பெரிதாக மறுப்புப் போட்டுவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும், அதற்குப் பிறகு நாள் குறிக்கலாம் என்றாள்.

அடுத்த நாள் கோமளம், ஸ்ரீகண்டன், மௌரீன் மூவரும் பத்திரிகை ஆபீசுக்குப் போனார்கள். ஆசிரியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மறுப்பை அவரே எழுதித் தயாராக வைத்திருந்தார். ‘மதிப்புக்குரிய குடும்பத்தைச் சேர்ந்த, அரசில் உயர் பொறுப்பில் இருந்த திருமதி கோமளம் அவர்களை ஒரு பாலியல் தொழிலாளி என்று தவறாகக் குறிப்பிட்டு, அவருடைய கௌரவத்துக்குக் களங்கம் ஏற்படுத்திவிட்டோம். இந்த இழிவுக்காக ஆழ்ந்து வருந்துகிறோம்’ என்று கட்டம் கட்டிப் போடுவதாகச் சொன்னார். ஸ்ரீகண்டன் படித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கோமளம் இரண்டு தடவை படித்தாள். ஒரு நாள் டைம் கொடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன் என்றாள். கணவருக்கு ஆச்சரியம். வெளியே வந்ததும் என்ன யோசிக்கிறாய் என்று கேட்டார். வார்த்தைகளைப் பார்க்கணும் என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும், இதை வேறு யார் யார் படிப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். இதைப் பிரபா படிப்பாள். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். களங்கம், இழிவு என்ற இரண்டு சொற்களையும் எட்டாவது படிக்கிற அந்தப் பெண் வாய்விட்டுப் படிப்பாள். ஒரு நாள் முழுக்க அவர்களுக்காக ‘நான், நான்’ என்று சொன்ன வாய், மறுநாளே ‘ஐயோ, நான் இல்லை’ என்று அலறுகிற மாதிரி இருந்தது அந்தக் கட்டம். ஆனால் ‘நான் இல்லை’ என்பதும் உண்மைதானே. அதைச் சொல்லாமல் இருக்கவும் அவளால் முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் மௌரீன் பிரபாவைக் கூட்டிக்கொண்டு அல்சூர் வீட்டுக்கு வந்தாள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டுதான் வந்தாள். ஸ்ரீகண்டன் வாசலில் வரவேற்று நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் காப்பி கலக்க அவரே சமையலறைக்குப் போய்விட்டார். ஸ்னேஹா தன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

நாங்கள் முகத்தை மூடிக்கொண்டதால்தான் உங்கள் முகம் பேப்பரில் போயிற்று என்றாள் பிரபா. அதற்காக மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னாள். கோமளம் தப்பு பேப்பர்காரர்களுடையது என்றாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு உள்ளே போய் அந்த மறுப்பைக் கொண்டுவந்து தமிழில் படித்துக் காட்டினாள். பிரபா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பழகிப்போன சொற்களைக் கேட்கிற முகமாக இருந்தது.

“நீங்க இல்லன்னு சொல்லுங்கம்மா” என்றாள். “அது உங்க உரிமை. உங்களுக்கும் பொண்ணு இருக்குது, எனக்கும் இருக்குது. ஆனா எங்கள அசிங்கம்னு சொல்லாம அதச் சொல்ல முடியுமான்னு பாருங்க. முடியலன்னா பரவால்ல, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

காப்பி வந்தது. பிரபா குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்தாள். கோமளம் அதை அவள் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு கோமளம் உட்கார்ந்து எழுதினாள். சின்ன விஷயம்தான், ஆனால் சாயங்காலம் வரை ஆயிற்று. ‘பொது விசாரணைச் செய்தியுடன் வெளியான படத்தில் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் திருமதி கோமளம். விசாரணையில் பேசிய பெண்களின் சொற்களை அவர் கன்னடத்தில் எடுத்துச் சொன்னார். படத்தின் கீழ் வெளியான குறிப்பு தவறு. அந்தத் தவறுக்காக அவரிடமும் வாசகர்களிடமும் வருத்தம் தெரிவிக்கிறோம்.’ அவ்வளவுதான்.

ஸ்னேஹா அதை வாங்கிப் படித்தாள்.

“இவ்வளவுதானா? இதைப் படிச்சா யாருக்கு என்ன புரியும்? அவர் எழுதினதுல என்ன தப்பு?”

“அதுல இருக்கற ரெண்டு வார்த்தை எனக்கு வேண்டாம்.”

“உனக்கு வார்த்தை. எனக்கு லைஃப், அம்மா. நிருபமா ஆன்ட்டி என்ன கேட்டான்னு உனக்குத் தெரியும். நீ யாரோ ஒருத்திக்காகப் பார்க்கறே.”

ஸ்னேஹா சொன்னதும் நியாயம்தான் என்று கோமளத்துக்குத் தெரிந்தது. கல்யாணம் ஸ்னேஹாவுடையது, மானப் பிரச்னை தன்னுடையது, இதில் எதை எதற்காக விடுவது என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தாள். காலையில் ஸ்ரீகண்டனைக் கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நீ எழுதினதுல பொய் இல்லை. அவா எழுதினதுல கொஞ்சம் இருக்கு, நீ ஒண்ணும் உயர் பொறுப்புல இல்லை” என்றார். பிறகு, “கொடுத்துடு. ஆனா கொழந்தைகிட்டே மன்னிப்புக் கேட்டுக்கோ. செலவு அவளோடதுதான்” என்றார்.

கோமளம் ஸ்னேஹாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். எழுதியதற்காக அல்ல, அதனால் அவளுக்கு என்ன வந்தாலும் அதற்காக என்று சொன்னாள். ஸ்னேஹா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பத்திரிகைக்காரர்களுக்கு அந்தச் சின்ன மறுப்பு ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று. அதே மூன்றாம் பக்கத்தில், ஆனால் கீழ்மூலையில், நகைக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். தேடினால்தான் கிடைக்கும். நிருபமா இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். வக்கீல் நோட்டீஸ் விடலாமே என்றாள். கோமளம் வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டவேண்டியிருக்கிறது என்றாள் நிருபமா. ஜோசியர் என்ன சொன்னார் என்று தகவல் வரவில்லை.

ஸ்ரீஹர்ஷா கெட்டவன் இல்லை. கோரமங்களாவில் ஒரு ஹோட்டலில் ஸ்னேஹாவைச் சந்தித்து, ஆறு மாசம் பொறுத்துக்கோ, எல்லாம் அடங்கினதும் அம்மாவிடம் பேசுகிறேன் என்றான். என்ன அடங்கணும் என்று ஸ்னேஹா கேட்டாளாம். இந்தச் சந்திப்பை அவள் வீட்டில் அப்போது சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு நின்றுபோனதும் அம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு ஆச்சா, ஆச்சு, வண்டி வந்தாச்சா, வந்தாச்சு என்ற அளவில்தான் பல வாரங்கள் போயின. கோமளம் அதைத் தாங்கிக்கொண்டாள். அந்த நாட்களில் குக்கர் சத்தம்கூட வீட்டில் பெரிதாகக் கேட்டது.

குழுவின் விசாரணைகள் தொடர்ந்தன. மௌரீன் வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது கோமளம் தானே வருவதாகச் சொன்னாள். கோலார் தங்கவயலுக்கும் ஒரு தடவை போய்வந்தாள். இப்போது அவள் மைக் முன்னால் நிற்கும்போது, இவர் மொழிபெயர்ப்பாளர் என்று நீதிபதி முதலிலேயே அறிவித்துவிடுவார். அறிவித்த பிறகு அவள் பழையபடி ‘நான்’ என்றே சொல்வாள்.

அறிக்கையை இங்கிலீஷில் ஆக்கியதும் அவள்தான். குழு ஒருமனதாக முடிவுக்கு வர முடியவில்லை. பெரும்பான்மையோர், தொழிலில் இருக்கும் பெண்களைத் தண்டிக்கும் பிரிவுகளை எடுத்துவிடலாம், லைசென்சும் கார்டும் வேண்டாம் என்றார்கள். டாக்டர் கார்டு யோசனையை விட்டுக்கொடுத்து, பெயர் கேட்காத கிளினிக்குகள் வேண்டும் என்று எழுதவைத்தார். ஒரு உறுப்பினர் மட்டும், சட்டத்தைத் தளர்த்தினால் விற்கிறவனுக்குத்தான் லாபம் என்று தனியாக எழுதிச் சேர்த்தார். அதில் வேதநாயகி சொன்னது ஒரு பக்கம் முழுவதும் வந்திருந்தது. ஒரு மந்திரி பூங்கொத்தோடு அறிக்கையை வாங்கிக்கொண்டார். சட்டம் இருந்தபடியே இருந்தது.

அறிக்கை கொடுத்த அன்று சாயங்காலம் ஸ்ரீகண்டன் அவளைக் கேட்டார். ரெண்டு பக்கமும் நீயே பேசினியே, உனக்கு எது சரின்னு படறது என்றார்.

பிரபாவைப் போலீஸ் பிடிக்கக்கூடாது, வேதநாயகியை விற்றவனைப் போலீஸ் விடக்கூடாது, அதுவரைக்கும்தான் தனக்குத் தெரியும் என்றாள் கோமளம். ரெண்டையும் ஒரே சட்டத்துல எழுதறது எப்படின்னு தெரியலை, எழுதத் தெரிந்தவர்கள் எழுதினால் மொழிபெயர்க்கிறேன் என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள்.

வேதநாயகியின் தங்கை பெண்ணை மறு வருஷம் கண்டுபிடித்தார்கள். பூனாவில் இருந்தாள். கூட்டிப்போனவன்மேல் கேஸ் நடந்தபோது, வாக்குமூலம் கொடுக்கிற இடத்தில் எல்லாம் கோமளம் கூடவே இருந்தாள். அந்தப் பெண் வாயே திறக்காத நாட்களும் இருந்தன. அப்போது கோமளத்துக்கும் வேலை இருக்காது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. பிரபா அந்தக் கேசுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். அவளுக்கும் வேதநாயகிக்கும் அந்தச் சட்டத்தைப் பற்றிய வாக்குவாதம் கோர்ட்டு வராந்தாவிலும் ஓயவில்லை.

ஸ்னேஹா தன் கம்பெனியில் வேலை பார்த்த ராம்கியைத் தானே தேர்ந்தெடுத்தாள். அவன் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். அவன் அப்பா அம்மா பெண் பார்க்க அல்சூருக்கு வந்த அன்று, கோமளம் பஜ்ஜித் தட்டோடு வெளியே வருவதற்குள், ஸ்னேஹா முன்னறையில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

“எங்க அம்மாவைப் பத்தி ஒரு விஷயம் இருக்கு. வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்” என்று தொடங்கி, ஹால், மைக், படம், மறுப்பு, பூனாவில் கிடைத்த பெண்ணின் கேஸ் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஸ்ரீஹர்ஷாவையும் சொன்னாள். ஆறு மாசம் பொறுக்கச் சொன்னதையும் தான் கேட்ட கேள்வியையும் கோமளம் அன்றுதான், சமையலறை வாசலில் நின்று, முதல் தடவையாகக் கேட்டாள்.

அந்தச் சின்னப் பொண்ணு இப்ப எங்க இருக்கு என்று ராம்கியின் அம்மா கேட்டாள். வேதநாயகியோடு வாணியம்பாடியில் இருக்கிறாள், டீச்சர் டிரெய்னிங் சேர்த்திருக்கிறார்கள் என்று ஸ்னேஹா சொன்னாள். நல்லது என்றாள் அந்த அம்மாள்.

கோமளம் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்னேஹா நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.